அது அம்மாள் இல்லை என்று சொல்லிவிட்டேன்

அன்பு மகன்,

நீ சொல்லச் சொன்ன பொய்யை நான் சொல்லவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். சுற்றி வளைத்துக் கடைசியில் சொன்னால் அதற்கும் சேர்த்துக் கோபிப்பாய். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ வேகமாகக் கதைத்தால் நான் அதைவிட வேகமாகக் கதைப்பேன். ஒரே ஒழுங்கைக்குள் எதிரெதிரே வந்த இரண்டு பஸ் மாதிரி நாங்கள், ஒருவரும் பின்னுக்கு எடுக்கமாட்டோம். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவேன். காகிதத்தோடு நீ சண்டை பிடிக்க முடியாது, பிடித்தாலும் எனக்குக் கேட்காது.

காலையிலிருந்து எழுதுகிறேன். இரண்டு வரி எழுதுவதும், எழும்பிப் போய்ப் படலையைப் பார்ப்பதும், குசினிக்குள் போய்த் தேத்தண்ணி கேட்பதும், கேட்ட தேத்தண்ணியைக் குடிக்காமல் வைப்பதுமாக இருக்கிறேன். உன் அம்மா ஏசிவிட்டாள். "ஒரு இடத்தில இரிங்களன், நீங்க நடக்கிற நடைக்கு நிலம் தேயுது" என்கிறாள். அவளுக்கென்ன, சொல்லுவாள். முப்பது வருசத்துக்கு மேல் பஸ் ஓட்டியவனை ஒரு கதிரையில் உட்கார வைத்துவிட்டு, உன் உயிரைப் பற்றிய முடிவை வேறு ஆட்கள் எடுக்கிறார்கள், நீ சும்மா இரு என்றால் எப்படி இருப்பது? நீ வேலை செய்கிற சிங்கப்பூரில் இருந்து பதில் வந்ததும் தான் கூப்பிடுவதாக, என்னைப் பார்க்கிற அந்த இளம் பெண், டொக்டர் பிள்ளை, சொன்னது. இன்றைக்கு வரலாம், நாளைக்கும் வரலாம். போன் அடித்தால் நெஞ்சு பதறுகிறது. அடிக்காவிட்டால் அதைவிடப் பதறுகிறது. இருமல் வேறு, ஒரு வரிக்கு ஒரு தடவை.

உனக்குத் தெரிந்த கதையையும் என் பக்கத்தில் இருந்து ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சுவாசப்பையில் புற்றுநோய், மற்றப் பக்கத்துக்கும் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது, வெட்டி எடுக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று நான் அழவில்லை. கன்டீனில் இரண்டு வடை வாங்கித் தின்றேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முதல் மருந்து கொடுத்தார்கள், தலைமயிர் போனது, அது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் இந்தப் புது மருந்து, மூன்று கிழமைக்கு ஒருமுறை சேலைன் மாதிரி ஏற்றுவது. இது புற்றுநோயை நேரே கொல்லுகிற மருந்தில்லை. உடம்புக்குள் காவல் நிற்கிற கலங்கள் இருக்கிறதே, நீ பள்ளிக்கூடத்தில் நிர்ப்பீடனம், நோயெதிர்ப்பு என்று பாடமாக்கிக்கொண்டு திரிந்தாய், அவற்றைத் தட்டி விடுகிற மருந்து. டொக்டர் பிள்ளை எனக்கு விளங்கும் என்று நினைத்தோ என்னவோ, பஸ்ஸை வைத்தே சொன்னது. "புற்றுநோய் அந்தக் கலங்களின்ற பிரேக்கக் காலால அமத்திப் பிடிச்சிருக்கு ஐயா. இந்த மருந்து அந்தக் கால எடுத்துவிடும்."

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பயம். பிரேக்கை எடுத்துவிட்டு ஓடச் சொல்கிறார்களே என்று கேட்டேன். அந்தப் பிள்ளையும் சிரித்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அதனால்தான் தோலில் ஏதும் வந்தாலோ, வயிற்றால் போனாலோ, மூச்சு முட்டினாலோ உடனே தனக்குச் சொல்லவேண்டும் என்றது. பிரேக் இல்லாத காவல்காரர் வீட்டுக்காரரையும் அடிப்பார்களாம். நான் பெரிய ஆள் மாதிரித் தலையை ஆட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்காமல் செய்த பிழை இல்லை நான் செய்தது.

முதலில் மருந்து நன்றாகத்தான் வேலை செய்தது. கட்டி சுருங்கியது. நான் ஆரையம்பதிச் சந்தைக்குச் சைக்கிளில் போய் மீன் வாங்கினேன். பிறகு வேகம் குறைந்து, ஒரு இடத்தில் மட்டும் மறுபடி வளரத் தொடங்கியது. அப்போதுதான் நீ போனில் அந்தச் சிங்கப்பூர் ஆஸ்பத்திரிக் கதையோடு வந்தாய். கட்டியில் ஒரு துண்டை எடுப்பார்கள். நோயோடு சண்டை பிடிக்கப் போய் அங்கேயே அகப்பட்டுக் கிடக்கிற நிர்ப்பீடனக் கலங்களை அதிலிருந்து பிரித்து, ஆய்வுகூடத்தில் வைத்துக் கோடிக்கணக்கில் பெருக்கி, திரும்ப என் நரம்பாலேயே உள்ளே விடுவார்கள். அதோடு இந்தப் பிரேக் மருந்தையும் தொடர்ந்து ஏற்றுவார்கள், உள்ளே போன கலங்களை நோய் மறுபடி அமத்திப் பிடிக்காமல் இருக்க. தனித்தனியே கொடுப்பதைவிட இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் எப்படி என்று ஆராய்கிறார்கள். ஆராய்ச்சி என்றபடியால் சிகிச்சைக்குக் காசும் இல்லை என்றாய். நீ இதை எனக்கு விளங்கப்படுத்தியபோது உன் குரல் சின்னப்பிள்ளைக் குரல் மாதிரி இருந்தது, மகன். எனக்கும் ஆசை வந்துவிட்டது. என் சொந்தக் கலங்கள் வெளியூர் போய்ப் பெருகித் திரும்பி வரும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? நம் பக்கத்தில் ஆம்பிளை பெண் வீட்டோடு போனால் போனதுதான். நான் மாங்கேணியில் இருந்து கலியாணம் முடித்து உன் அம்மாவின் வளவுக்கு வந்தவன், இன்னும் திரும்பவில்லை.

டொக்டர் பிள்ளை என் ஆசையில் மண் போடவும் இல்லை, அதை ஊதிப் பெருப்பிக்கவும் இல்லை. சிலருக்கு நல்லாய் வந்திருக்கிறது, சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை, சிலரை அது வருத்தியும் இருக்கிறது, முழுதாக யாருக்கும் இன்னும் தெரியாது என்றது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால்தான் எனக்கு அந்தப் பிள்ளையில் நம்பிக்கை வந்தது. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால் 'இந்தா வருது' என்று சொல்கிற ரைம்கீப்பர் மாதிரி இல்லை அது.

இனி வைகாசிக் கதை. கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து சடங்கு தொடங்கிய கிழமை. கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றேன், அம்மா முதுகு தேய்க்க வந்தவள் கையை எடுத்துவிட்டாள். முதுகு முழுக்கச் சிவப்புச் சிவப்பாய்ப் பொட்டு. அவள் வாளியை மெதுவாக வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

"அம்மாள்தான் வந்திரிக்கா. வாயத் திறந்து ஒண்டும் சொல்லிப்போடாதிங்க."

உனக்கும் தெரியும், நம் வீட்டில் அந்தச் சொல்லுக்குப் பிறகு வேறு சொல் இல்லை. நீ சின்னவனாய் இருக்கும்போது உனக்கு அம்மாள் வருத்தம், அதுதான் அந்த அம்மை, வந்ததே, நினைவிருக்கிறதா? நான் டியூட்டி முடிந்து ஊரெல்லாம் சுற்றின உடுப்போடு வருகிறேன் என்று என்னை வீட்டுக்குள்ளேயே எடுக்காமல் டிப்போவில் படுக்க விட்டவள் அவள். படலைக்கு வெளியே நின்று நான் உன்னைக் கூப்பிடுவேன், நீ உள்ளேயிருந்து 'ப்பீம் ப்பீம்' என்று ஹோர்ன் அடிப்பாய். இந்த முறை எனக்கு வந்திருக்கிறது என்றதும் படலையில் வேப்பிலை ஏறியது. எனக்கு வேப்பிலைப் படுக்கை. பொரியல் இல்லை, தாளிதம் இல்லை, இளநீரும் மோரும் பழஞ்சோறும். அக்கம்பக்கத்தார் படலையோடு நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அம்மாள் வந்த வீட்டில் இருந்து யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, மருந்து எடுப்பதில்லை, அவள் வந்ததை வருத்தம் என்று யாருக்கும் அறிவிப்பதும் இல்லை. மருந்து ஏற்றவேண்டிய நாள் வந்தது, போனது. நாங்கள் போன் எடுக்கவும் இல்லை.

இங்கேதான் நீ ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். அம்மா அதை முழு மனதோடு நம்பினாள். நான் நம்பவில்லை. காய்ச்சல் இல்லை. கொப்புளத்துக்குள் தண்ணீர் இல்லை. என் மூக்கில் இருக்கிற தழும்பு எங்கிருந்து வந்தது என்று நீ கேட்பாயே, அது சின்ன வயதில் அம்மாள் வந்து போன அடையாளம். பெரும்பாலும் ஒருமுறை வந்த ஆளிடம் அவள் மறுமுறை வருவதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் மகன், எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? ஸ்கான் இல்லை, ஊசி இல்லை, ஆங்கிலப் பெயர் இல்லை. என் மனிசிக்குத் தெரிந்த ஒரு வருத்தம். என்ன சமைக்கவேண்டும், எப்போது தலைக்குத் தண்ணீர் வார்க்கவேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் பயப்படாமல் என் பக்கத்தில் இருந்தாள். உடுக்குச் சத்தம் கோயில் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. நான் புற்றுநோய்க்காரன் என்பதையே அந்தக் கிழமை மறந்துபோனேன். அந்தச் சந்தோசத்தை விட எனக்கு மனம் வரவில்லை. வயிற்றால் போகத் தொடங்கியபோதும் இளநீர் கூடிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு நீ வீடியோவில் வந்தாய். பின்னால் தொங்கிய வேப்பிலையைக் கண்டாய், போட்டிருந்த சேட்டைக் கழற்றச் சொன்னாய், கழற்றினேன். நீ என்னை ஏசியிருந்தால் பரவாயில்லை. போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, "அம்மா, அப்பாவ நீங்கதான் கொல்லுறீங்க" என்றாய். அவள் போனைக் கதிரையில் வைத்துவிட்டுப் போய் வேப்பிலையை அவிழ்த்தாள். சடங்கு முடிகிற குளிர்த்தி நாளன்று ஊரே கோயிலில் நிற்க, அவள் போகவில்லை. கலியாணம் முடித்த நாளில் இருந்து அவள் குளிர்த்திக்குப் போகாமல் விட்டதை நான் கண்டதில்லை. உனக்குக் கோபம் வரலாம், வரத்தான் வேண்டும், நீ என் பிள்ளை. ஆனால் கோபத்தில் பிழை செய்த ஆளைப் பார்த்து அடிக்கவேண்டும். பக்கத்தில் நிற்கிற, திருப்பி அடிக்காத ஆளைப் பார்த்து அடிக்கக் கூடாது. இதை நான் உனக்கு முன்பே சொல்லித் தந்திருக்கவேண்டும்.

இரண்டு நாளில் நீயே மறுபடி எடுத்தாய். குரல் தணிந்திருந்தது. பொட்டெல்லாம் அடங்கிக் கறுத்துவிட்டது என்று சொன்னேன். பிறகு சொன்னாய்: "அப்பா, டொக்டர் கேட்டா அம்மாள் எண்டே சொல்லுங்க. ஊரே பாத்திரிக்கு. ஆரும் பொய் எண்டு சொல்லமாட்டாங்க."

எதற்காகச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அந்த மருந்தால் உடம்பு தன்னையே அடித்திருக்கிறதா என்பதுதான் சிங்கப்பூர்க்காரர் கேட்கிற முதல் கேள்வி. ஓம் என்றால் சேர்க்காமல் விடலாம். அம்மாள் என்றால் அது வந்துபோகிற தொற்று, பிரச்சினை இல்லை. நல்ல கெட்டித்தனம்தான். ஆனால் பார், எந்தச் சொல்லுக்காக உன் அம்மாவைக் கொலைகாரி ஆக்கினாயோ, அதே சொல்லைத்தான் என்னைச் சொல்லச் சொல்கிறாய். அவள் நம்பிச் சொன்னால் மூடத்தனம், நீ நம்பாமல் சொன்னால் மூளையா? இப்படி எழுத எனக்கும் முழு உரிமை இல்லை. ஏனென்றால் நான் உடனே 'ஏலாது' என்று சொல்லவில்லை. "பாப்பம்" என்றேன். பாப்பம் என்றால் நம் வீட்டில் ஓம் என்றுதான் அர்த்தம்.

அந்தக் கிழமை முழுக்க நான் அந்தப் பொய்யைச் சொல்லிப் பழகினேன். கிணற்றடியில் நின்று, டொக்டர் பிள்ளை கேட்பது மாதிரியும் நான் பதில் சொல்வது மாதிரியும். நன்றாகவே வந்தது. சண்டை நடந்த செக்பொயின்ற் காலத்தில் இந்த ரோட்டில் பஸ் ஓட்டியவனுக்கு முகத்தை மாற்றாமல் பதில் சொல்லத் தெரியாதா? சாகப் பயமாக இருக்கிறது, மகன். இதை உனக்கு ஒருநாளும் வாயால் சொல்லவில்லை, எழுதிவிடுகிறேன். எனக்குச் சாகப் பயம். ஒரு பொய் சொன்னால் வாழலாம் என்றால் நான் பத்துப் பொய் சொல்லுகிற ஆள்தான். என்னைப் பெரிய அரிச்சந்திரன் என்று நினைத்துவிடாதே.

என்னைக் குழப்பியது ஹனீபாதான். காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருந்தவர், எனக்கு வந்த அதே வருத்தம், மருந்து ஏற்றுகிற நாளில் அடுத்த கதிரை. ஊசி குத்தினால் சத்தம் போடுகிற ஆள். என்னைவிட இளையவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். உன் சிங்கப்பூர்க் கதையை அவரிடம் அளந்திருந்தேன். வீட்டுக்குப் போன் எடுத்து, "அண்ணன், நீங்க முதல் போய்ட்டு வாங்க. உங்களுக்கு எப்பிடிச் செய்யுது எண்டு பாத்துத்தான் நான் என்ட புள்ளையளுக்குச் சொல்லுவன்" என்றார். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். நான் சொல்கிற பொய்யைத்தானே அவர்கள் அங்கே எழுதி வைப்பார்கள்? பிரேக் மருந்தால் இந்த ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதன் மேல் கலங்களையும் விட்டோம் என்று. நான் அங்கே கட்டிலில் கருகிப்போனால் ஏன் என்று அவர்களுக்கு விளங்காது. தப்பினேன் என்றால் அது இன்னும் மோசம், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஆபத்தில்லை என்று நம்பி அடுத்த ஆட்களையும் சேர்ப்பார்கள். அடுத்ததாக அந்தக் கட்டிலில் ஏறுகிறவர் ஹனீபாவாக இருக்கலாம். என் பொய் அவருக்கு மருந்தாகப் போகும்.

நீ என்ன வேலை செய்கிறாய் என்பதும் நினைவுக்கு வந்தது. கப்பல் கட்டுகிற யார்ட்டில் பாதுகாப்புப் பார்க்கிறவன் நீ. தலைச்சுற்றை மறைத்துவிட்டு உயரத்தில் ஏறின ஒருவனை நீ பாதியில் இறக்கிவிட்டதையும், அவன் குடும்பக் கஷ்டம் சொல்லி அழுததையும், இருந்தும் நீ விடாததையும் நீதானே எனக்குச் சொன்னாய்? 'அவன் விழுந்தா கீழ நிக்கிறவனும் சாவான் அப்பா' என்றாய். அன்று நான் பக்கத்து வளவுக்காரனைக் கூப்பிட்டு என் மகன் எப்படிப்பட்டவன் தெரியுமா என்று பெருமை அடித்தேன். அந்த மகனிடம்தான் இப்போது கேட்கிறேன், நான் ஏறப்போனதும் உயரந்தானே?

(நடுவில் ஒன்று. நீயும் ஒளித்துச் சிகரெட் பத்துகிறாய் என்று எனக்குத் தெரியும். வீடியோவில் வாசம் வராது என்று நினைக்கிறாய், ஆனால் உன் பின்னால் யன்னல் விளிம்பில் சாம்பல் கிண்ணம் இருந்தது. நான் விட்டு எத்தனையோ வருசம், இருந்தும் பார், அது என்னை விடவில்லை. இதற்குமேல் எழுதமாட்டேன்.)

போன கிழமை கிளினிக்குக்குப் போனோம். நீ மெசேஜ் மேல் மெசேஜ் போட்டுக்கொண்டிருந்தாய். நான் போனை அம்மாவின் பைக்குள் வைத்துவிட்டேன். டொக்டர் பிள்ளை முதுகைப் பார்த்தது, கறுத்த அடையாளத்தைத் தொட்டது, போன முறை ஏன் வரவில்லை என்று கேட்டது. அம்மா பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். "அம்மாள்..." என்று தொடங்கினாள். அவள் எனக்காகத்தான் தொடங்கினாள் என்று பிறகு விளங்கியது. நீ அன்று என்னிடம் சொன்னதெல்லாம் அவளுக்கும் கேட்டிருக்கிறது. அதுவரைக்கும் எனக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாது. அவள் குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

"அம்மாள் இல்ல டொக்டர். காச்சலும் இல்ல, கொப்புளத்தில தண்ணியும் இல்ல. எனக்குச் சின்னதில ஒருக்கா வந்து போனது. வயித்தாலையும் போனது. இவவுக்குத் தெரியா, எனக்குத் தெரியும். நான்தான் சொல்லாம விட்டன்."

அந்தப் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. ஏசும் என்று நினைத்தேன். ஏசவில்லை. வயிற்றை அமத்திப் பார்த்தது, இரத்தம் எடுக்கச் சொன்னது. பிறகு என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் கேட்கத் தொடங்கியது, முதலில் எங்கே வந்தது, எப்படிப் பரவியது, சொறிந்தாரா, தோல் உரிந்ததா என்று. அம்மா மெல்ல மெல்லச் சொன்னாள். ஒவ்வொரு நாளும் வேப்பிலையால் தடவியவள் ஆச்சே. எல்லாவற்றையும் கேட்டு எழுதிவிட்டு டொக்டர் பிள்ளை சொன்னது: "நீங்க நல்லாக் கவனிச்சிருக்கிறீங்க அம்மா. இனிக் கண்டா முதல் எனக்குப் போன்ல ஒரு கோல் எடுங்க. மறுகா வேணுமெண்டா வேப்பிலையும் கட்டுங்க."

அம்மா பஸ் நிலையம் வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தாள். பஸ்ஸுக்குள் ஏறி இருந்த பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள். பஸ்ஸுக்குள் ஆட்கள் பார்க்கிறார்கள், கண்டக்டர் நான் பழக்கிய பெடியன், அவனும் பார்க்கிறான். நான் ஒன்றும் செய்யவில்லை, அப்படியே இருந்தேன். கல்லடிப் பாலத்தில் வாவிக் காற்று அடித்தபோது கண்ணைத் துடைத்துவிட்டு, அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இப்போது காலையில் எழும்பினதும் எனக்குத் தேத்தண்ணி இல்லை, சேட்டைக் கழற்று என்கிறாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

ஆஸ்பத்திரியில் இப்போதைக்குப் பிரேக் மருந்தை நிறுத்திவிட்டார்கள். உடம்பின் கோபத்தை அடக்குவதற்கு விழுங்குகிற ஒரு குளிசை தந்திருக்கிறார்கள், அதைப் போட்டால் பசி பசியென்று பசிக்கிறது. நித்திரையும் இல்லை. நான் இப்படி நடந்து திரிவதற்குப் பாதிக் காரணம் அந்தக் குளிசையாம். நான் சொன்னதை எல்லாம் அப்படியே எழுதிச் சிங்கப்பூருக்கு அனுப்பியிருக்கிறது டொக்டர் பிள்ளை. அந்தப் பதிலுக்குத்தான் இந்த நடை.

இவ்வளவும் எழுதிவிட்டுச் சோறு தின்ன எழும்பினேன், மகன். கை கழுவவில்லை, போன் அடித்தது.

சிங்கப்பூரில் என்னை இப்போது எடுக்கமாட்டார்களாம். தோலோடும் வயிற்றோடும் வந்ததைத் தெரிந்துகொண்டு, அதன் மேல் அவ்வளவு கலங்களை உள்ளே விட்டால் குடலையும் சுவாசப்பையில் மிஞ்சியிருக்கிற நல்ல பகுதியையும் அடிக்கலாம், என் நிலைமையில் அதைத் தாங்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தக் குளிசையும் கலங்களுக்கு ஆகாதாம், அவற்றை மழுங்கடிக்குமாம். குளிசை முழுக்க நின்று, எல்லாம் அடங்கிய பிறகு திரும்பக் கேட்கலாம். அப்போது இடம் இருக்குமா என்று சொல்ல ஏலாதாம். அது ஒரு பக்கம் இருக்க, இங்கே வேறு மருந்து தொடங்கலாம் என்று டொக்டர் பிள்ளை சொன்னது. நான் மறைத்திருந்தால் அங்கே என்ன நடந்திருக்கும் என்று நினைக்கத் தனக்கே பயமாக இருக்கிறது என்றும் சொன்னது. நான் "சரி மகள், சரி மகள்" என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

பிறகு கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கி விட்டுவிட்டு அழுதேன். சரியானதைச் செய்தால் மனம் நிம்மதியாக இருக்கும் என்று சொல்கிறார்களே, அப்படி ஒன்றும் இல்லை. எனக்கு அந்தக் கலங்கள் வேண்டும். இப்போதும் வேண்டும். கோயில் பக்கம் திரும்பிக் கும்பிடவும் மனம் வரவில்லை, ஆஸ்பத்திரியை நம்பவும் மனம் வரவில்லை, யாரைப் பிடித்து உலுப்புவது என்று தெரியவில்லை. அம்மா வந்து வாளியை இழுத்தெடுத்து என் கையிலும் முகத்திலும் தண்ணீர் ஊற்றினாள். சோறு ஆறுகிறது என்றாள். தின்றேன். குளிசைப் பசி, விடாது.

இதை வாசித்ததும் நீ எடுப்பாய். கத்துவாய். கத்து, நான் கேட்கிறேன். ஆனால் அதற்கு முதல் அம்மாவிடம் கொடுக்கச் சொல்லு. மன்னிப்பு அது இது என்று தொடங்காதே, அவளுக்கு அது பிடிக்காது. அப்பாவின் முதுகு இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று அவளிடம் கேள். என்னிடம் கேட்காதே. அவள்தான் பார்க்கிறவள், அவள்தான் சொல்லவேண்டும்.

இன்னொன்று. நீ வாறன் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் 'என்னத்துக்கு, லீவை வீணாக்காதே' என்று சொன்னவன் நான். வேறு மருந்து எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைக்கும் தெரியாது. நான் பொய் சொல்லியிருந்தால் இன்றைக்கு எனக்கு அங்கே வர டிக்கெட் போட்டிருப்பாய். இப்போதும் போடு, மகன். இந்தப் பக்கம் வாற டிக்கெட், உன்ற பேரில.

அப்பா